ஊட்டியில் கடைசி நாள்: எந்த வழியாக இறங்குவது?

மூன்று நாள் ஊட்டிப் பயணத்தில் முதல் இரண்டு நாளுக்குத் திட்டம் போடுகிறவர்கள் மூன்றாவது நாளை அப்படியே விட்டுவிடுவார்கள். அறையைக் காலி செய்ய வேண்டியது காலை பத்து, பதினொரு மணிக்கு. மலையடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தில் சென்னைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் கிளம்புவது இரவு ஒன்பது மணிக்கு மேல். நடுவில் பத்து மணி நேரம் கிடக்கிறதே என்று, விட்டுப்போன தொட்டபெட்டாவுக்கும் படகு இல்லத்துக்கும் ஓடிவிட்டு, நாலு மணிக்குச் சேரிங்கிராஸில் சாக்லேட் வாங்கி, ஐந்தரை மணிக்கு மூடுபனிக்குள் மலை இறங்குவதுதான் வழக்கமாக நடக்கிறது. மொத்த ஊரும் இறங்குவது அந்த நேரத்தில்தான்.

நீலகிரியும் ஒருவகையில் தீவுதான். சோலைக்காடுகளை ஆராய்கிறவர்கள் இந்த முகடுகளை வானத்துத் தீவுகள் என்றே சொல்வார்கள். தீவிலிருந்து திரும்புகிறவர் முதலில் கேட்பது கடைசிப் படகு எத்தனை மணிக்கு, எந்தத் துறையிலிருந்து என்றுதான். இங்கேயும் அதையே கேட்க வேண்டும். இறங்கும் வழியை முதலில் முடிவு செய்துவிட்டால், பார்க்க வேண்டிய இடம் அந்த வழியிலேயே கிடைத்துவிடும். ஊட்டியில் பார்க்காமல் விட்டது விட்டதுதான். அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஊட்டியிலிருந்து குன்னூர் 19 கிலோமீட்டர் சுமார், குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இன்னொரு 33. சாதாரண வார நாளில் இந்த 52 கிலோமீட்டருக்குக் காரில் இரண்டு மணி நேரம் போதும். சனி, ஞாயிறு மாலையில் மூன்று மணி நேரம். மே மாதத்திலும் தொடர் விடுமுறையிலும் நாலு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோயம்புத்தூர் 35 கிலோமீட்டர்தான். ஆனால் மேட்டுப்பாளையம் ஊருக்குள் நிற்கும் நெரிசலையும் காரமடை, பெரியநாயக்கன்பாளையம் தாண்டுவதையும் சேர்த்தால் ஒன்றேகால் மணி நேரம் வைக்க வேண்டும். பீளமேடு விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் ஊருக்குள் நுழையும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். விமானம் ஏறுகிறவர் ஊட்டியை விட்டுக் கிளம்புவது விமான நேரத்துக்கு ஏழு மணி நேரம் முன்பாக இருந்தால் நிம்மதி. மாலை ஐந்து மணி விமானம் என்றால் அன்றைக்குச் சுற்றிப் பார்ப்பது என்ற பேச்சே இல்லை. காலைப் பலகாரம் முடித்ததும் கிளம்ப வேண்டியதுதான்.

குன்னூர் வழி

பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது இதுதான். காரணம் எளிது: கீழே போகும் வழியில் பாதித் தூரத்தில் ஒரு முழு ஊர் இருக்கிறது. ஊட்டியை ஒன்பதரைக்கு விட்டால் பத்தரைக்குள் குன்னூர். அங்கே மதியச் சாப்பாடு வரை இருந்துவிட்டு, மூன்று மணிக்குள் பர்லியாறு பக்கம் இறங்க ஆரம்பித்தால் வெளிச்சம் இருக்கும்போதே மேட்டுப்பாளையம் போய்விடலாம்.

குன்னூரில் எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். சிம்ஸ் பூங்கா ஊருக்குள்ளேயே இருப்பதால் அதை முதலில் முடித்துவிட்டு, டால்பின் நோஸ் பாறைமுனைக்கு மதியத்துக்கு மேல் போவார்கள். அங்கே போனால் வெள்ளைத் திரை. சமவெளியின் சூடான ஈரக்காற்று பகலில் மலைச்சரிவை ஒட்டி மேலேறிக் குளிர்ந்து மேகமாக நிற்கும் இடம் அந்த விளிம்புதான். ஆகவே பாறைமுனைகளைப் பதினொன்றரைக்குள் பார்த்துவிட வேண்டும். லேம்ஸ் ராக் போகிற வழியில் வரும். டால்பின் நோஸ் அதே சாலையின் கோடியில், குன்னூரிலிருந்து பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர். தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் குறுகலான சாலை என்பதால் எதிரே வேன் வந்தால் ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். போக வர இரண்டு மணி நேரம் வையுங்கள். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் கேத்தரின் அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும். 1874-இல் உருவான சிம்ஸ் பூங்காவுக்கு மூடுபனி ஒரு குறையே இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் அங்கே போகலாம். ஆனால் அது சரிவில் அமைந்த பூங்கா. நுழைவாயிலிலிருந்து கீழே இறங்கிப் போனால் அத்தனை படியும் திரும்ப ஏற வேண்டும். முட்டிவலி உள்ளவர்கள் மேல்பகுதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

குன்னூருக்குக் கீழே மொத்தம் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். எத்தனை முடிந்தது, எத்தனை மிச்சம் என்று பலகையிலேயே எழுதியிருப்பதால் வாந்தி வருகிற குழந்தைக்கு எண்ணிச் சொல்ல ஒரு கணக்கு கிடைக்கும். பர்லியாற்றில் பழக்கடைகள் உண்டு. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வந்தால் மங்குஸ்தான் கிடைக்கலாம். வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு இறங்குங்கள், குரங்கு அதிகம்.

பேருந்தில் போகிறவர்களுக்கும் இதே வழிதான். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கும் கோவைக்கும் அரசுப் பேருந்துகள் நாள் முழுக்க அடுத்தடுத்து உண்டு. கோவையில் இவை மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்தில் நிற்கும், காந்திபுரத்தில் அல்ல. சொந்தக் காரில்லாதவர்களுக்கு இன்னொரு யோசனை: மேட்டுப்பாளையத்தில் இறங்கி அங்கிருந்து கோவைக்குப் போகும் பாசஞ்சர் ரயிலைப் பிடித்தால் முக்கால் மணி நேரம், ஐம்பது நிமிடத்தில் கோவை ஜங்ஷன். சாலை நெரிசலான நாளில் பேருந்தைவிட இதுதான் நம்பகம்.

மலை ரயில்

கடைசி நாளை மலை ரயிலில் கழிப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும் வண்டி, இறங்கும்போது மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும். ஊட்டியில் பகல் 2 மணிக்குக் கிளம்பி மாலை 5.35-க்கு மேட்டுப்பாளையம் என்பது நெடுநாளைய கால அட்டவணை. உங்கள் டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நேரம்தான் கடைசி வார்த்தை. அதே நிலையத்திலிருந்து இரவு சென்னை ரயில். வாடகைக் கார் தேவையில்லை, பேருந்து நிலையம் தேவையில்லை.

மொத்தம் 46 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை, 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். உதகமண்டலம் 2,203 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 326 மீட்டர். குன்னூர் வரை 1899-இல் பாதை வந்தது. ஊட்டிக்கு நீண்டது 1908-இல். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது 2005-இல். இதெல்லாம் நிலையத்துப் பலகையிலேயே படிக்கலாம். முடிவெடுக்க உதவும் விஷயம் வேறு: இந்தப் பாதை உண்மையில் இரண்டு பாதைகள். ஊட்டியிலிருந்து குன்னூர் வரை சாதாரணத் தண்டவாளம், டீசல் எஞ்சின். லவ்டேல், கேத்தி, அரவங்காடு, வெலிங்டன் என்று ஊர்களையும் காய்கறித் தோட்டங்களையும் ஒட்டிப் போகும். குன்னூருக்குக் கீழே கல்லார் வரை பல்சக்கரப் பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே இரட்டைப் பல்வரிசை ஓடும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டே இறங்கும். சரிவு சில இடங்களில் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி. சாதாரண எஞ்சின் இங்கே வழுக்கிவிடும் என்பதால்தான் குன்னூரில் டீசலைக் கழற்றிவிட்டு எக்ஸ் வகை நீராவி எஞ்சினை மாட்டுகிறார்கள். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும் அந்த எஞ்சின், இறங்கும்போது முன்னால் நின்று மொத்தப் பாரத்தையும் தாங்கும். பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்காளர் நிற்பார். பல்சக்கரப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான்.

அதனால் ஊட்டியிலிருந்து குன்னூர் வரை மட்டும் போய்விட்டு மலை ரயிலில் போய்வந்ததாகச் சொல்வது, வாசலோடு திரும்பிவிட்டுக் கோயிலைப் பார்த்ததாகச் சொல்வது போலத்தான். அருவி, குகை, பாலம், காடு பெரும்பாலும் குன்னூருக்குக் கீழேதான். ஆனால் அந்தக் கீழ்ப்பகுதிக்கு இறங்க நாளொன்றுக்கு வழக்கமாக ஒரே வண்டி. டிக்கெட் திறந்த உடனே எடுத்துவிட வேண்டும். இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. பட்டியலில் ஊர்ப்பெயர் உதகமண்டலம் என்று இருக்கும். காத்திருப்போர் பட்டியலில் எடுத்துவிட்டு நம்பியிருக்காதீர்கள். இருக்கைகள் மொத்தமே கொஞ்சம், ரத்தாகிறவை அதைவிடக் கொஞ்சம்.

கிடைத்த பிறகும் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, பெட்டி. ரயில்பெட்டி சிறியது, நமது பெட்டிகள் பெரியவை. ஆளுக்கு ஒரு தோள்பை என்றால் சரி. நாலு சக்கரப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் மூன்றரை மணி நேரமும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இரண்டு, வண்டிக்குள் கழிப்பறை கிடையாது. குன்னூரில் எஞ்சின் மாற்றும் நேரத்திலும், கீழே ஹில்குரோவில் நிற்கும்போதும்தான் வழி. சர்க்கரை நோயாளிகளும் சின்னக் குழந்தைகள் உள்ளவர்களும் இதை முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதுதான் பெரியது: ரத்து. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவே பாறையும் மரமும் தண்டவாளத்தில் விழுவது ஆண்டுதோறும் நடப்பது. அப்படி விழுந்தால் ஒரு நாளிலும் சரியாகலாம், வாரக்கணக்கிலும் ஆகலாம். வண்டியை ரயில்வேயே ரத்து செய்தால் பணம் திரும்பிவிடும், உங்கள் மாலை திரும்பாது.

இதற்கு ஒரு முன்னறிவிப்பு இருக்கிறது. காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பிப் பகல் பன்னிரண்டு மணிவாக்கில் ஊட்டிக்கு வருகிற அதே வண்டிதான் இரண்டு மணிக்குக் கீழே இறங்கும். காலை வண்டி கிளம்பவில்லை என்றால் மதிய வண்டியும் இல்லை. ஆகவே கடைசி நாள் காலை எட்டு மணிக்கே மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டி புறப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஆறு மணி நேரம் கையில் இருக்கும்போதே பேருந்துக்கோ காருக்கோ மாறிவிடலாம். இதைச் செய்யாமல் ஒன்றரை மணிக்கு நிலையத்துக்கு வந்து கைபிசைகிறவர்கள் மழைக்காலத்தில் தினமும் உண்டு.

சொந்தக் காரில் வந்தவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே தினமும் வேறு சில வண்டிகளும் ஓடுகின்றன. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். காலை வண்டியில் பாட்டியையும் பிள்ளைகளையும் ஏற்றிவிட்டு, ஒருவர் மட்டும் மூட்டை முடிச்சோடு காரைக் குன்னூர் நிலையத்துக்கு ஓட்டி வந்துவிடலாம். கோயிலை வாசலோடு பார்க்கிற கதைதான் என்றாலும், பிள்ளைகளுக்கு அந்த வாசலே போதும்.

கோத்தகிரி வழி

கோத்தகிரிச் சாலையைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் கேட்டால் சுற்று என்பார்கள். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. ஊட்டியிலிருந்து தொட்டபெட்டா பிரிவு, கட்டபெட்டு வழியாகக் கோத்தகிரி 30 கிலோமீட்டருக்குள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33. குன்னூர் வழியைவிடப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் கூடுதல். கூட்டம் பாதிதான், வளைவுகளும் அவ்வளவு நெருக்கமில்லை. வாந்தி வருகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

கோடை சீசனில் இந்தத் தேர்வு உங்கள் கையிலேயே இருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் காவல்துறை ஒருவழிப்பாதையாக்கும்போது, மேலே ஏறும் வண்டிகள் குன்னூர் வழியாகவும், ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடப்படும். மே மாதம் வருகிறவர்கள் டால்பின் நோஸைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளாமல், ஏறும்போதே முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

தென்மேற்குப் பருவமழைக் காலமான ஜூன், ஜூலையில் ஊட்டிக்கு மேற்கே கொட்டித் தீர்க்கும்போது கோத்தகிரி ஓரளவு காய்ந்தே இருக்கும். தொட்டபெட்டா மலைத்தொடர் நடுவே சுவராக நிற்பதால் அந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதி. அக்டோபர், நவம்பரில் கதை தலைகீழ். வடகிழக்கு மழை முதலில் மோதுவது இந்தச் சரிவில்தான்.

வழியில் என்ன பார்ப்பது? கோடநாடு காட்சிமுனை என்று எல்லோரும் சொல்வார்கள். மாயாறு வளைந்தோடும் பள்ளத்தாக்கும் தெங்குமரஹாடா கிராமமும் தெரியும் அந்த இடம் அருமையானதுதான். ஆனால் கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டர் வேறு திசையில் போய், அதே வழியில் திரும்பி வர வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். இரவு ரயிலென்றால் போகலாம், விமானமென்றால் வேண்டாம். அரவேணு பக்கம் கேத்தரின் அருவி மேட்டுப்பாளையம் போகும் வழியை ஒட்டியே இருப்பதால் அது நேரத்துக்குக் கட்டுப்படும். கன்னேரிமுக்கில், அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பழைய பங்களாவும் கோத்தகிரிக்குப் பக்கத்தில்தான். ஊட்டி உருவாகும் முன் ஆங்கிலேயர் வந்து தங்கிய இடம் அது. வரலாற்றில் விருப்பம் உள்ளவருக்கு அரை மணி நேரம்.

குஞ்சப்பனைக்குக் கீழே யானை நடமாட்டம் உண்டு. பலாப்பழ சீசனில் பழத்துக்காகச் சாலையோரத்துக்கே வரும். இருட்டிய பிறகு இந்த வழி வேண்டாம் என்று சொல்வதற்கு அது ஒன்றே காரணம். சாலையில் யானை நின்றால் நூறு மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, ஹாரன் அடிக்காமல் காத்திருக்க வேண்டும். செல்ஃபி எடுக்க இறங்குகிறவருக்கு எந்த யோசனையும் உதவாது.

மைசூர்ப் பக்கம்

பெங்களூரு போகிறவர்களுக்கு மட்டும் இது. கூடலூர் வரை 50 கிலோமீட்டர். பிறகு தெப்பக்காடு, பந்திப்பூர், குண்டலுப்பேட்டை வழியாக மைசூரு. வழியிலேயே பைக்காரா, நடுவட்டம், ஊசிமலைக் காட்சிமுனை எல்லாம் வந்துவிடுவதால் கடைசி நாளுக்கு ஏற்ற வழிதான். ஒரே கட்டுப்பாடு, பந்திப்பூர்க் காட்டுக்குள் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வாகனத் தடை. ஊட்டியை மாலை ஐந்து மணிக்கு விடுகிறவர் வழியில் ஒரு பஞ்சர் ஆனாலும் சாவடியில் மாட்டிக்கொள்வார். மதியம் இரண்டு மணிக்குள் கிளம்புவதுதான் முறை.

கூகுள் வரைபடம் கல்லட்டி வழியாக மசினகுடிக்குக் குறுக்கு வழி காட்டும். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள், சரிவு செங்குத்து. பிரேக் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகளால் டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவெண் இல்லாத வண்டிகளை அந்த வழியாக இறங்க விடுவதில்லை. தலைக்குந்தா பக்கம் போய்த் திரும்பி வருவதில் முக்கால் மணி நேரம் வீண். மஞ்சூர், கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் நாற்பத்துமூன்று வளைவுச் சாலையும் அழகானதுதான். ஆனால் வனத்துறைச் சாவடிகள் உள்ள யானைக் காடு. ரயிலைப் பிடிக்க வேண்டிய நாளில் சோதனை செய்து பார்க்க வேண்டிய வழி அது இல்லை.

இறங்காமலே இருந்துவிடுவது

இதுவும் ஒரு வழிதான், யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஊட்டியிலிருந்தே சென்னைக்கும் பெங்களூருக்கும் இரவுப் பேருந்துகள் உண்டு. அறையை விட்டதும் பெட்டிகளை விடுதி வரவேற்பிலேயே வைத்துவிட்டு, பகல் முழுக்க அரசுத் தாவரவியல் பூங்காவில் சாவகாசமாகத் திரியலாம். 1848-இல் தொடங்கிய பூங்கா, 55 ஏக்கர். அவசரமாகப் பார்க்கிறவர்கள் புல்வெளியோடு திரும்பிவிடுவார்கள். மேலே தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து வரை நடந்தால் அரை நாள் போகும். மலைப்பாதையில் ஓட்டும் தலைவலி உங்களுக்கு இல்லை. குறை என்னவென்றால், இரவு முழுக்க உட்கார்ந்தோ படுத்தோ பேருந்தில் போக வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் வளைவுகளில் தூக்கம் வராது.

வண்டியை இறக்குவது

எந்த வழியானாலும் சொந்த வண்டியில் இறங்குகிறவர்களுக்கு இது பொது. ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் விதி. பெரும்பாலும் செகண்ட், நெருக்கமான வளைவில் ஃபர்ஸ்ட். சமவெளி ஓட்டுநர்கள் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவார்கள், அல்லது தேர்ட் கியரில் காலைப் பிரேக்கிலேயே வைத்திருப்பார்கள். பத்து நிமிடத்தில் டிஸ்க் காந்தி, கருகிய வாசம் வரும். அதையும் மீறி ஓட்டினால் பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. கருகிய வாசம் வந்த உடனே அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி இருபது, முப்பது நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கை இறுக்காமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். சாலை நடுவே விட்டுப்போன கல்லில் பின்னால் பைக்கில் வருகிறவர் விழுகிறார்.

ஆட்டோமேட்டிக் காரில் டி-யிலேயே விட்டுவிடக் கூடாது. எல் அல்லது மேனுவல் முறைக்கு மாற்றிக் கீழ் கியரில் பிடிக்க வேண்டும். மின்சாரக் கார்க்காரர்களுக்கு ஒரு புதிய சிக்கல்: ஊட்டியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால், பேட்டரியில் இடமில்லாததால் இறக்கத்தில் மோட்டார் மின்சாரத்தைத் திரும்ப ஏற்றாது. அந்தப் பிடிப்பும் கிடைக்காது. எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கீழே போகும்போது மீட்டர் ஏறுவதைப் பார்க்கலாம். வாடகை ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிப்பு மிகக் குறைவு. முன், பின் பிரேக்கை மாற்றி மாற்றி விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். குன்னூருக்குக் கீழே ஸ்கூட்டரைக் கொண்டு போகாமலிருப்பது இன்னும் நல்லது.

குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது மலைப்பாதை மரபு. மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள், லோ பீம் போதும்.

வாந்தி வருகிறவர்களுக்கு அவோமின் மாதிரி மாத்திரையை வண்டி ஏறும்போது கொடுத்தால் பயனில்லை. ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும் மாத்திரை என்பதால் ஓட்டுகிறவர் தொடவே கூடாது. சின்னக் குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். இறங்கும்போது காது அடைத்தால் ஏதாவது குடிக்கவோ மெல்லவோ கொடுத்தால் விட்டுவிடும்.

வாங்கிப் போவது

ஷாப்பிங்கைக் கடைசி மணி நேரத்துக்கு வைக்காதீர்கள், முந்தின நாள் மாலையே முடித்துவிடுங்கள். மொறுமொறுப்பான ஊட்டி வர்க்கி பிஸ்கட் மட்டும் கடைசி நாள் காலையில் வாங்கலாம். பெட்டியின் மேலே வைக்க வேண்டும், அடியில் வைத்தால் வீட்டில் பிரிக்கும்போது தூள்தான். காற்றுப் பட்டால் நமத்துவிடும் என்பதால் டப்பாவில் மாற்றிவிடுவது நல்லது. வீட்டுத் தயாரிப்புச் சாக்லேட் மேட்டுப்பாளையத்து வெயிலில் மதியமே இளகும். காரின் டிக்கியில் போடாமல் ஆட்கள் உட்காரும் இடத்தில், துணிகளுக்கு நடுவே வையுங்கள். கேரட்டைக் கழுவிப் பளபளவென்று விற்பார்கள். அந்த ஈரத்தோடு மூட்டை கட்டினால் இரண்டு நாளில் வழுவழுத்துவிடும். இலையை ஒடித்துவிட்டு, ஈரம் உலரத் துடைத்து, துணிப்பையில் போட்டால் தாங்கும். நீலகிரித் தைலத்தைச் சாக்லேட்டோடும் தேயிலையோடும் ஒரே பையில் வைத்தால் எல்லாமே தைல வாசம்தான். அது எரியக்கூடிய திரவம், விமானத்தில் போகிறவர்கள் வாங்கும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேயிலையை அரசு நிறுவனமான டான்டீ, கூட்டுறவு நிறுவனமான இன்ட்கோ கடைகளில் வாங்கினால் விலை பற்றிய சந்தேகம் இருக்காது. பால் விட்டுக் குடிக்கிற வீட்டுக்கு சி.டி.சி. தூள், பால் விடாமல் குடிக்கிறவர்களுக்கு ஆர்த்தடாக்ஸ் இலை. மாவட்டத்தில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் தடை என்பதால், இறங்கும் முன் சொந்த பாட்டிலை நிரப்பிக்கொள்ள மறக்க வேண்டாம். வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்பது கல்லார் தாண்டித்தான் நடக்கும்.

யாருக்கு எது

இரவு ரயில், தோள்பை மட்டும், ஜனவரியிலிருந்து மார்ச் வரை, கையில் உறுதியான டிக்கெட் என்றால் மலை ரயிலைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. அதே ஆட்கள் நவம்பரில் வந்தால் டிக்கெட் கையிலிருந்தாலும் மாற்று ஏற்பாட்டோடுதான் எழுந்திருக்க வேண்டும். வயதானவர்களோடு காரில் வந்தவர்களுக்குக் குன்னூர் வழி. கழிப்பறையும் சாப்பாடும் வைத்தியமும் பாதி வழியிலேயே கிடைக்கும். வாந்தி வருகிற பிள்ளைகள் இருந்தாலும், மே மாதமாக இருந்தாலும் கோத்தகிரி. மாலை விமானக்காரர்களுக்கும் சீசன் இல்லாத நாளில் கோத்தகிரியே மேல். பத்து கிலோமீட்டர் கூடுதல் என்றாலும் எத்தனை மணிக்குக் கீழே இருப்போம் என்று கணித்துச் சொல்ல முடிகிற சாலை அது. குன்னூர்ச் சாலையில் ஒரு லாரி வளைவில் நின்றுவிட்டால் எந்தக் கணிப்பும் நிற்காது.

ரயிலில் இறங்கினாலும் காரில் இறங்கினாலும் ஆறு மணிக்கு மேட்டுப்பாளையம் வந்துவிட்டால் சென்னை வண்டிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் மிச்சம். நிலையத்திலேயே மலை ரயிலின் பழைய பொருள்களை வைத்துச் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, திறந்திருந்தால் பார்க்கலாம். ஊட்டியில் போட்டிருந்த ஸ்வெட்டரோடு இறங்கி நின்றால் வியர்த்துக் கொட்டும். ஒரு பருத்திச் சட்டையைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் ஊருக்குள் முடித்துவிட்டு நிலையத்துக்குத் திரும்பிவிடலாம்.